மனு எழுதும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை பிடித்து ஒரு வாரம் ஆனதும் சென்னைப் பதிப்புகளில் ஒரு படம் தவறாமல் வருகிறது. கலங்கிய தண்ணீர் நிரம்பிய குடத்தையோ பாட்டிலையோ பெண்கள் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார்கள். ‘குடிநீரில் கழிவுநீர், பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை’ என்று கீழே இரண்டு வரி. அந்த மனுவில் என்ன எழுதியிருந்தது, எந்த அலுவலகத்துக்குப் போனது, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை உண்டா என்பதெல்லாம் செய்தியில் இருப்பதில்லை. பொது சுகாதாரப் பணியில் இருக்கும் எங்களுக்கு அந்த விவரம்தான் முக்கியமாகப் படுகிறது. அதைப் பற்றியே இந்தக் கடிதம். இடம் இருந்தால் முழுதாகப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

அதிகாரிகளிடம் அலட்சியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அலட்சியத்துக்கு வசதியாக அமைந்துவிடும் மனுக்கள் நிறைய. ‘எங்கள் பகுதியில் குடிநீர் மாசுபட்டுப் பலர் பாதிக்கப்பட்டுள்ளனர், உடனடி நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த நேரத்துத் தண்ணீர் என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது, குறை ஏதுமில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். வசதியான பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்களில் ஓய்வுபெற்ற பொறியாளரும் வழக்கறிஞரும் இருப்பார்கள். அவர்கள் எழுதும் கடிதத்தில் தேதி இருக்கும், அளவு இருக்கும், விதி எண் இருக்கும். பதில் வந்தே தீர வேண்டும். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கண்ணகி நகரிலும் தேவை அதிகம், மனுவும் அதிகம். இப்படி அளந்து, குறித்து எழுதும் கைப்பழக்கத்தைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. நலவாழ்வில் சமநீதி வேண்டும் என்று பேசுகிற நாம் இந்த இடைவெளியை மூடுவதில் இருந்து தொடங்கலாம் என்பது எங்கள் துணிபு.

தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நோய்வாய்ப்பட்ட ஒருவருக்கு ஒரு வரி. தேதி, கதவு எண், வயது, ஆணா பெண்ணா, என்ன தொல்லை, எந்த நேரத்தில் தொடங்கியது, குடித்தது குழாய்த் தண்ணீரா அடிபம்பா லாரியா கேனா, எங்கே வைத்தியம் பார்த்தார்கள், எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி போனது. பெயர் எழுத வேண்டாம். எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோல் வைத்திருக்க வேண்டும்: 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால்தான் வயிற்றுப்போக்கு. ஒருவர் ‘லேசா வயிறு சரியில்லை’ என்றதையும் சேர்த்து, இன்னொருவர் குளுக்கோஸ் ஏற்றியவர்களை மட்டும் சேர்த்தால் அந்தக் கணக்கு முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

மாநகராட்சியிடம் கணக்கு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது அரசு நிலையங்களுக்கு வந்தவர்களின் கணக்கு. முனையில் இருக்கும் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவரும், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கியவரும் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. தெருவில் 14 பேர் படுத்திருக்க, பதிவேட்டில் 2 பேர் இருப்பது இப்படித்தான். இந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர்கள் அந்தத் தெருக்காரர்கள் மட்டுமே.

எப்போது சத்தம் போடுவது? ஒரே குழாய் வழியில் உள்ள இரண்டு மூன்று வீடுகளில் இரண்டு நாளுக்குள் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும், பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெரியவர் ஒருவருக்கு அரிசி கழுவிய நீர்போல ஓயாமல் போய், கண் குழிந்து, சிறுநீர் நின்றுவிட்டால் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலராவாக இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லி, ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் மல மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம்; ‘காலரா இல்லை’ என்ற தவறான முடிவு அப்போது வருகிறது. உறுதியான ஒரே ஒரு காலரா நோயாளி இருந்தாலும் அது நோய்ப்பரவலாகவே கருதப்படும், நடவடிக்கையின் வேகமே மாறும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூள் போட்டுக் கலக்குவதுதான் பரவலான தவறு. உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். ஆறு மாதத்துக்குக் கீழே 10 மில்லிகிராம். போக்கு நின்றதும் பலர் ஜிங்கையும் நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளும் கொடுக்க வேண்டும்.

இனி தண்ணீர். கழிவுநீர் எப்படிக் குடிநீரில் கலக்கிறது என்பது புரிந்தால்தான் மனுவில் எதைக் கேட்பது என்று தெரியும். நம் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. சில மணி நேரம் வரும், பிறகு குழாய் காலி. ஓடும்போது அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். ஓட்டை இருந்தாலும் நல்ல தண்ணீர் வெளியே கசியுமே தவிர அழுக்கு உள்ளே வராது. நின்றதும் நிலைமை தலைகீழ். பக்கத்திலேயே போகும் பழைய சாக்கடைக் குழாய் அடைத்து மண்ணில் ஊறியிருந்தால், அந்த அழுக்கு ஓட்டை வழியாகக் குடிநீர்க் குழாய்க்குள் இறங்கிவிடும். அடிபம்பை ஓங்கி அடிப்பதும், குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுப்பதும் இந்த உறிஞ்சலைப் பல மடங்கு கூட்டும். வரிசையின் கடைசியில் இருக்கும் தெருக்களுக்கு அழுத்தம் குறைவு என்பதால் அங்கேதான் மோட்டார் அதிகம், அங்கேதான் நாற்றமும் அதிகம். மோட்டார் வைத்தவர்களைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அழுத்தம் ஏன் வரவில்லை என்று குடிநீர் வாரியத்தைக் கேட்க வேண்டும்.

இதனால்தான் முதல் தண்ணீர் மோசமாக இருக்கும், பத்து நிமிடம் ஓடியபின் தெளிந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர் பகல் பதினொரு மணிக்கு வந்து, குழாயை நன்றாக ஓடவிட்டு மாதிரி பிடித்தால் முடிவு ‘குடிக்கத் தகுந்தது’ என்றே வரும். அவர் பொய் எழுதவில்லை. ஓடவிட்டுப் பிடிப்பதுதான் அவருக்குக் கற்றுக்கொடுத்த முறை. தண்ணீர் விடும் நேரத்திலேயே மாதிரி எடுக்க வேண்டும், முதல் தண்ணீரில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று என்று இரண்டு எடுக்க வேண்டும் என்பதை மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். புகார் போன மறுநாள் குழாயில் குளோரின் கூட்டிவிட்டு அதற்கடுத்த நாள் மாதிரி எடுப்பதும் நடக்கும். ஆகவே தெருக்காரர்களிடம் தங்கள் சொந்த அளவு இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி போதும். பெட்டியில் உள்ள சோதனைக் குழாயில் குறி வரை தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டுகளை விட்டு, மஞ்சள் நிறத்தைப் பக்கத்திலுள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5. ஆர்த்தோடொலிடின் மருந்து என்றால் பத்து விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடித் தெரியும்; அழுக்கோடு பிணைந்து வீரியம் குறைந்துபோன குளோரினும் அதில் சேர்ந்துவிடும். அந்த மருந்து கையில் படக் கூடாது. டிபிடி மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு நிறம் பார்க்கும் பெட்டி கிடைத்தால் அதுவே மேல். கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில்: குறி வரை தண்ணீர் ஊற்றி மூடி, நிழலில் வைத்தால், கிருமி இருக்கும் தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்துவிடும். நம் ஊர் வெப்பத்துக்கு அறையிலேயே வைக்கலாம். பாட்டிலின் வாயிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் பட்டால் விரலில் இருக்கும் கிருமியே கறுப்பாக்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்யும்போது அதிகம் நடக்கும் தவறு இது. பாட்டில் கறுத்தால் சந்தேகம் உறுதி என்று கொள்ளலாம். சட்டப்படியான சான்று அது ஆகாது. அதற்குக் கிண்டி கிங் ஆய்வகம் போன்ற இடத்துக்குத்தான் மாதிரி போக வேண்டும். அங்கே தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்டிருப்பார்கள், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்ப்பது நல்லது, எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இந்த அளவுகளை வைத்து ஓட்டை எங்கே என்றுகூட ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே குழாய் வழியில் வரிசையாக ஏழெட்டு வீடுகளில் ஒரே காலையில் பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் மோசம் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்த வீட்டு இணைப்பில். ஒரு வீட்டில் தொடங்கி அதற்கு அப்பால் எல்லா வீட்டிலும் மோசம் என்றால், நன்றாக இருந்த கடைசி வீட்டுக்கும் கெட்டுப்போன முதல் வீட்டுக்கும் இடையில் தெருக் குழாயில் பழுது. ‘கதவு எண் 18-க்கும் 20-க்கும் நடுவே தோண்டிப் பாருங்கள்’ என்று எழுதிய மனுவை ‘குறை ஏதுமில்லை’ என்று மூடுவது கடினம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதுவே வேறு கணக்கு. தெருக் குழாய் குடிநீர் வாரியத்துடையது. கட்டடத்துக்குள் இருக்கும் சம்ப்பு (தரைக்கடித் தொட்டி), மொட்டை மாடித் தொட்டி, இறங்கு குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாம் பழைய குடிசை மாற்று வாரியமான நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. ஒருவர் மற்றவரைக் கை காட்டிக்கொண்டே இருந்தால் மாதம் ஓடிவிடும். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒன்று, சம்ப்பில் ஒன்று, மாடித் தொட்டியில் ஒன்று, வீட்டுக் குழாயில் ஒன்று என்று நான்கு இடத்தில் குளோரின் பாருங்கள். வரும்போதே இல்லையென்றால் குடிநீர் வாரியம் பதில் சொல்ல வேண்டும். வரும்போது 0.5 இருந்து சம்ப்பில் காணாமல் போனால் சம்ப்பில் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது கழுவி வெகுநாள் ஆகிறது. வாழ்விட வாரியம் பதில் சொல்ல வேண்டும். இந்த நான்கு எண்களும் ஒரே தாளில் இருந்தால் பந்தை உதைத்துத் தள்ள முடியாது.

யாருக்கு எது என்பதில் இன்னும் சில குழப்பங்கள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம், கொசு, குப்பை, மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, எண் 1913. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்துக்கு, எண் 1916. வார்டில் உள்ள அந்த வாரியத்தின் டெப்போ அலுவலகத்தில் பொறியாளர் இருக்கிறார். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய மருத்துவமனைகள் மாநில மருத்துவக் கல்வித் துறைக்கு. மாநகராட்சியில் கேட்டுப் பயனில்லை. சென்னையின் கரையோரங்களிலிருந்து பெயர்த்துக் குடியேற்றப்பட்டவர்கள் வாழும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஊராட்சி, மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கு வெளியே. அதே மாதிரி வந்தவர்கள் இருக்கும் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மாநகராட்சிக்குள். ஒரே கூவக்கரையில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த இரண்டு குடும்பங்களுக்கு இன்று வேறு வேறு சுகாதார நிர்வாகம். இதை அறியாமல் எழுதிய மனுக்கள் எத்தனையோ. தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதுங்கள். எண் இல்லாத புகார் கொடுக்காத புகாருக்குச் சமம்.

சரிசெய்யும் வரை குடிக்க என்ன செய்வது? சாக்கடை வாடை அடிக்கும் தண்ணீரை எதைப் போட்டும் குடிக்க வேண்டாம், லாரித் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். வாடை இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றால் கொதிக்க வைப்பதே உத்தமம். தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர்: 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம், 5,000 லிட்டர் சம்ப்புக்கு 12.5 கிராம். கைக்கணக்கு வேண்டாம், சிறு தராசில் நிறுத்துப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு குளோரோஸ்கோப்பில் பார்த்து, 0.5 இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். பவுடரை அப்படியே கொட்டினால் அடியில் கட்டியாகிக் கிடக்கும். திறந்து வைத்த பை ஈரத்திலும் வெயிலிலும் வீரியம் இழந்துவிடும், அதைத் தெருவெங்கும் தூவி வெள்ளைக்கோடு போடுவதால் நோய் நிற்காது. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் அந்தக் கோட்டை விட, தொட்டியில் நிறுத்துப் போட்ட 2.5 கிராம் பெரிய காரியம்.

தண்ணீர்பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம், அதில் அளந்து காட்டுவது எளிது, பலன் சீக்கிரம் தெரியும், ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்கும் என்பதுதான். அதே முறையைச் சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோகலாம். நகர்ப்புறத்தில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல். உங்கள் நிலையத்தின் எல்லைக்குள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 2023-இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்குக் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்தது கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான். மாலை ஏழு மணிக்கு மருத்துவர் இருக்கிறாரா, மாத்திரை கொடுக்கும் இடம் திறந்திருக்கிறதா? இரண்டு வாரத்தில் வெவ்வேறு கிழமைகளில் எட்டு முறை போய்ப் பார்த்துக் குறித்தால் போதும். ஒரே நாள் பார்த்துவிட்டு ‘டாக்டரே வருவதில்லை’ என்று எழுதுவது அவருக்கும் அநியாயம், நம் மனுவுக்கும் கேடு.

மருந்துக்குப் பத்து பெயர்கள் வைத்துக்கொள்ளுங்கள்: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இன்சுலின், இரும்புச்சத்து மாத்திரை, பாராசிட்டமால் சிரப், ஓஆர்எஸ், ஜிங்க், நாய்க்கடித் தடுப்பூசி என்று அன்றாடம் தேவைப்படுகிறவை. வாரம் ஒருமுறை எது இருந்தது, எது இல்லை, 30 நாளைக்கு எழுதியதில் எத்தனை நாளைக்குக் கொடுத்தார்கள் என்று குறியுங்கள். இது ஏன் முக்கியம்? 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் வைத்து வழங்குகிறது. நாடே பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு. ஆனால் எந்த ஏற்பாட்டிலும் அடுத்த ஆண்டுத் தேவை, கடந்த ஆண்டு செலவானதை வைத்தே கணிக்கப்படும். ‘ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் செலவுக் கணக்கில் வரமாட்டார். இல்லாத மருந்து மறுபடியும் குறைவாகவே வரும். திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை தெருவின் நோட்டில் மட்டுமே இருக்கும். நாய்க்கடிக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை ஊசி. பக்கத்தில் இல்லாமல் ஒவ்வொரு முறையும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் நான்கு நாள் கூலி போகும். நடுவில் நின்றுவிடுகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

யாரை எண்ணுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ரேஷன் அட்டையை வைத்து வீடு வீடாகப் போனால் விடுபடுகிறவர்கள்தான் அதிகம் தேவையுள்ளவர்கள்: கட்டட வேலைத் தகரக் கொட்டகையில் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பம், பாரிமுனை நடைபாதையில் படுப்பவர்கள், வாடகைக்கு வீடு கிடைக்காமல் மாறிக்கொண்டே இருக்கும் திருநங்கையர், தனியே இருக்கும் முதியவர்கள். நோட்டில் இவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட எந்த அட்டையும் தேவையில்லை. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும் போட வேண்டியவை தவறியிருக்கிறதா என்று கேட்டு, புதன்கிழமை முகாமுக்கு அழைத்துப் போனால் போதும். காசநோய்க்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் உண்டு; வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகாததால் பணம் வராமல் இருப்பவர்களை, நோட்டில் எழுதாமலே, கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

காசநோய் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் இதே சென்னையில், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுதும் சிகிச்சை முறையை மாற்றியது. மருந்தும் கவனிப்பும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் குடிசையில் இருப்பவரும் பிழைப்பார் என்று உலகத்துக்குக் காட்டியது நம் ஊர். ‘இந்த ஏரியா ஜனங்க இப்படித்தான்’ என்று எந்த அலுவலகத்திலாவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

இனி நோட்டை எங்கே கொண்டுபோவது. மாநகராட்சியில் ஒவ்வொரு வார்டிலும் பத்துப் பகுதி சபைகள் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ‘ஏரியா சபை’ என்றால் பலருக்குத் தெருவிளக்கும் சாலையும்தான். சுகாதாரத்தை அங்கே முதல் பொருளாக வையுங்கள். ஒரே ஒரு தாள் போதும்: என்ன பிரச்சினை, எந்தெந்தக் கதவு எண், எந்தத் தேதி முதல், எத்தனை பேர், அளந்த எண்கள், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். ‘மருத்துவமனை வேண்டும்’ என்று கேட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று வரும். ‘மாலை நேரத்துக்கு மருந்தாளுநர் ஒருவர், இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி ஒன்று, 18-க்கும் 20-க்கும் இடையே குழாய் மாற்றம்’ என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன் எங்கள் தெருவைப் புறக்கணிக்கிறீர்கள்’ என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். பதிவேட்டைக் கேளுங்கள்: ‘இந்த வார்டில் கடந்த 12 மாதத்தில் குடிநீர் மாதிரி எடுத்த தேதி, நேரம், இடம், முடிவு ஆகியவை கொண்ட பதிவேட்டின் நகல்.’ ‘நேரம்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. கோப்பை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. போட்ட பிளீச்சிங் பவுடரின் மாதிரியைக்கூடக் கேட்கலாம்.

இந்த வேலை எங்கே கெடுகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது முதல் கேடு. பெயர் இல்லாவிட்டாலும் கதவு எண் போதும், யார் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். காசநோயும் எச்.ஐ.வி.யும் இந்த நோட்டில் எழுதவே கூடாத விஷயங்கள், ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அலுவலகத்துக்குப் போகும் தாளில் எண்ணிக்கை மட்டும் போகட்டும், நோட்டு தெருவிலேயே ஒருவர் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும். இரண்டாவது, செவிலியரையும் தன்னார்வலரையும் கைபேசியில் வீடியோ எடுத்து அவமானப்படுத்துவது. அவரிடம் மருந்து வாங்கும் அதிகாரம் இல்லை, பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். இருப்பு எவ்வளவு என்று உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆளை நாமே எதிரியாக்கிக்கொள்கிறோம். மூன்றாவது, கூட்டத்தை ஞாயிறு பகலில் தேநீர்க் கடை வாசலில் வைப்பது. தண்ணீர் பிடிப்பவர்கள் பெண்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள். அவர்களுக்கு ஒழிந்த நேரம் எது என்று கேட்டு வைக்காவிட்டால் விவரம் பாதிதான் வரும். நான்காவது, குழாய் மாற்றியதும் நோட்டை மூடிவிடுவது. குறைந்தது மூன்று மாதம், ஒரு மழையாவது தாண்டும்வரை அளக்க வேண்டும். மாற்றிய இணைப்பு மறுபடி கசிவதும் உண்டு.

செலவுக்கும் வழி உண்டு. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழுவும், அதற்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் தெருவுக்கு அப்படி ஒரு குழு பதிவில் இருக்கிறதா, பணம் எதற்குச் செலவானது என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒரு குளோரோஸ்கோப்புக்கும் வருடத்துக்கான கிருமிச் சோதனைப் பாட்டில்களுக்கும் அந்தத் தொகை தாராளமாகக் கட்டும்.

மாநகராட்சியிடமும் குடிநீர் வாரியத்திடமும் எங்கள் கோரிக்கை இரண்டு. தண்ணீர் மாதிரி முடிவுகளை வார்டு வாரியாக, மாதிரி எடுத்த தெருவும் நேரமும் சேர்த்து, டெப்போ வாசலில் வாரம் ஒருமுறை எழுதிப் போடுங்கள். சுகாதார நிலையத்தில் அன்றைய மருந்து இருப்பைக் கரும்பலகையில் தமிழில் எழுதுங்கள்.

உங்கள் நாளிதழிடம் ஒன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று செய்தி போடும்போது ‘வடசென்னையில்’ என்று பொதுவாகப் போடாமல் வார்டு எண்ணையும் தெருவையும் போடுங்கள். கொடுத்த புகார் எண் என்ன என்று நிருபர் கேட்டு எழுதட்டும். பதினைந்து நாள் கழித்து அதே தெருவுக்குத் திரும்பிப் போய், மாதிரி முடிவு என்ன வந்தது என்று இன்னொரு செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
பொது சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.